நங்கூரமிட்ட நாள்கள்



கடற்பயணங்களின் வரலாற்றை எழுதுவோர் ஓடிய தொலைவையே கணக்கிடுவர். இத்தனை ஆயிரம் மைல், இத்தனை புயல், இத்தனை நாள் என்று அடுக்கிச் செல்வர். ஓடாமல் நின்ற நாள்களை எவரும் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் பாயை நம்பிய கலத்தின் ஆயுளிற் பெரும்பங்கு துறையிலேயே கழிந்தது. காற்று மாறும்வரை நிற்றல் வேண்டும். கிழிந்த பாய் தைக்கும்வரை நிற்றல் வேண்டும். கையிற் காசு சேரும்வரையும் சில வேளைகளில் நிற்றல் வேண்டும். வாடைக்காற்றுக் காலத்திற் கலத்தைக் கரைசேர்த்து, கயிறு முறுக்கிக் கலப்பற்றுப் பார்த்து, சோழகம் எழும்வரை காத்திருந்த வடபகுதிக் கடலோடிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்று உலகின் பல கரைகளிலே உல்லாசப் படகுகள் தங்குவதற்கென்றே தனித் துறைகள் உள்ளன. மெரீனா என்பது அவற்றின் பெயர். குழாயில் நல்ல நீர், கம்பியில் மின்சாரம், கரையிற் குளியலறை என எல்லாம் அங்கே உண்டு. படகிலேயே குடியிருந்து பருவத்திற்காகக் காத்திருப்போர் இக்காலத்தில் மிகப் பலர். இவ்வகை வாழ்வுக்கு முன்னோடியாக நின்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவர் பெயர் ஜோசுவா ஸ்லோக்கம். தன்னந்தனியே பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர். 1895 ஏப்பிரல் 24ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை நீங்கியவர், 1898 யூன் 27ஆம் நாள் நியூபோட் துறையில் நங்கூரம் இட்டார். மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆன அப்பயணத்தில் அவர் கடந்த தொலைவு 46,000 மைலுக்கு மேற்பட்டது. இச்செய்தி பலரும் அறிந்தது. அவருடைய படகு நின்ற நாள்களைக் கூட்டிப் பார்ப்போமாயின், அம்மூன்றாண்டிற் பாதிக்குக் குறையாத காலம் ஏதேனும் ஒரு துறையிலோ குடாவிலோ கழிந்திருப்பதைக் காண்போம். அந்தப் பாதியே நமது பொருள்.

ஸ்லோக்கம் பொழுதுபோக்கிற்காகக் கடலேறியவர் அல்லர். 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்து, சிறுவயதிலேயே கப்பலுக்கு ஓடி, படிப்படியாக உயர்ந்து மாலுமித் தலைவரானவர். பெரும் பாய்க்கப்பல்களை நடத்திய அவருடைய தொழிலை நீராவி விழுங்கிற்று. அவருக்குச் சொந்தமான அக்குவிட்னெக் என்னும் கப்பல் 1887இன் இறுதியிற் பிறேசிற் கரையோரம் மணற்றிட்டில் மோதி அழிந்தது. ஐம்பதை நெருங்கிய வயதில், கப்பலும் இன்றித் தொழிலும் இன்றிக் கரையில் நின்றார் அவர். அந்நிலையில் முதிய திமிங்கில வேட்டைத் தலைவர் ஒருவர், உனக்கு ஒரு கப்பல் தருகிறேன், பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றார். சென்று பார்த்தால், பெயர்ஹேவன் என்னும் ஊரில், கடலுக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் நிலத்திலே, பாயினால் மூடப்பெற்று உக்கிக் கிடந்தது ஒரு பழம் படகு. அதுதான் ஸ்பிரே.

வேறொருவராயின் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார். ஸ்லோக்கம் கோடரியை எடுத்தார். அருகே நின்ற ஓக்கு மரத்தை வெட்டி, அடியில் நெடுக ஓடும் ஏராக்கட்டை முதலாகப் படகைப் புதிதாகவே கட்டினார். பொருட்செலவு 553 டொலரும் 62 சதமும். உழைப்பு 13 மாதம். அவ்வூரில் ஓய்வாக இருந்த முதிய கடற்றலைவர்கள் நாள்தோறும் வந்து வேடிக்கை பார்த்தனர். பலகையிடுக்கிற் பஞ்சு திணித்துக் கலப்பற்றுச் செய்தபோது, இந்தப் பஞ்சு நில்லாது, நழுவி வெளியே வந்துவிடும் என்று அவருள் ஒருவர் தலையசைத்தார். அது நழுவவேயில்லை. ஊரார் கேட்ட மற்றொரு கேள்வி இன்னும் கடுமையானது: இதனால் வருவாய் உண்டா? உண்டாக்குவேன் என்பதே ஓராண்டுக்கு மேலாக அவர் அளித்த மறுமொழி. அந்தச் சொல்லைக் காப்பதற்கு அவர் பட்ட பாட்டைக் கடலைவிடத் துறைகளே மிகுதியாகக் கண்டன.

ஸ்பிரேயின் அளவைச் சொன்னால் அதனுள் வாழ்ந்த வாழ்வு விளங்கும். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். அந்த நீளத்திற்கு இது நல்ல அகலம். அதனாலேதான் துறையில் நிற்கும்போது அதிகம் உருளாமல், வீடு போலக் கிடந்தது. மேற்றளத்திலே இரண்டு அறைகள் எழுந்து நின்றன. முன்னது ஆறடிச் சதுரம், அது அடுக்களை. பின்னது பத்தடிக்குப் பன்னிரண்டடி; அதுவே படுக்கையறை, வாசிகசாலை, வரவேற்பறை எல்லாம். சுவரோரமாகப் படுக்கை, அதற்கு அண்மையிற் புத்தகத் தட்டும் மருந்துப் பெட்டியும். இரண்டு அறைக்கும் இடையே தளத்தின் கீழ் நீர்ப்பீப்பாக்களும் உப்பிட்ட இறைச்சியும் பல மாதத்துக்கு வேண்டிய உணவும் அடங்கும் இடம் இருந்தது. நம் நாட்டுச் சிறு குடிசையோடு ஒப்பிட்டால் இது வறிய வீடு அன்று.

பொஸ்ரனை விட்டவர் நேரே மாகடலில் இறங்கவில்லை. அருகிலுள்ள குளொஸ்டர் என்னும் மீன்பிடித் துறையிற் புகுந்து இரு வாரமளவு தங்கினார். ஈண்டு ஒரு செய்தியை இடையிற் சொல்லிச் செல்கிறேன். நமது வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, புதுப்பெயர் சூடி, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் சென்றடைந்தது இதே குளொஸ்டர் துறையையே. மரக்கலத்தின் அருமையை உணர்ந்த ஊர் அது. ஸ்பிரேயையும் அவ்வூர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மீனவர்கள் உலர்ந்த கருவாட்டைச் சுமந்து வந்தனர். அலையை அடக்குவதற்கென்று ஒரு பீப்பா எண்ணெய் தந்தனர். சிப்பியும் பாசியும் பற்றாவண்ணம் அடிப்பலகையிற் பூசும் செப்புப்பூச்சும் ஈந்தனர்.

கரைக்குப் போய்வர ஒரு சிறு வள்ளம் வேண்டும் அல்லவா? முழு வள்ளத்தை ஏற்றி இறக்கத் தனி ஒருவரால் ஆகாது. வைக்க இடமும் இல்லை. ஸ்லோக்கம் கழித்துப்போட்ட வள்ளம் ஒன்றை வாங்கி, குறுக்கே அறுத்துப் பாதியாக்கி, அறுத்த வாயைப் பலகையால் அடைத்தார். அந்த அரைவள்ளமே கரைக்குச் செல்லும் ஓடம். துறையில் நிற்கையிற் குளிக்கும் தொட்டி. உடுப்புத் தோய்க்கும் சால். பின்னாளிற் சமோவாத் தீவிலே உடுப்புத் தோய்க்க வந்த பெண் இதனைக் கண்டு மயங்கி, இப்படியொரு கருவியைப் பாதிரிமார்கூடக் கொண்டு வரவில்லை, எனக்கே தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். நேரம் பார்க்க ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டொலர். முகக்கண்ணாடி உடைந்திருந்ததால் ஒரு டொலருக்குக் கிடைத்தது. நாளடைவில் அதன் நிமிடமுள் விழுந்தது. அது நின்றுபோனபோது கொதிநீரில் இட்டு அவித்தார். மீண்டும் ஓடத் தொடங்கியது. அதனைக் கொண்டே உலகின் மறுபாதியையும் சுற்றினார்.

துறையில் நிற்கும் சிறுபடகுக்கு முதல் எதிரி கடல் அன்று. கொடை என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். அசோர்ஸ் தீவுகளில் ஹோர்ட்டா என்னும் துறையிற் புகுந்தபோது, அன்பு மிகுந்த ஊரார் கூடை கூடையாகப் பழங்களைக் கொண்டுவந்தனர். புறப்பட்ட பின் அவர்கள் தந்த வெண்பாற்கட்டியையும் பிளம்ஸ் பழத்தையும் ஒன்றாக உண்டு, வயிற்றுவலியால் அறையின் தரையிற் புரண்டு கிடந்தார் ஸ்லோக்கம். படகு தன்பாட்டில் ஓடிற்று. சென் ஹெலெனாத் தீவில் ஒருவர் ஆட்டைப் பரிசாகத் தந்தார். அது கட்டிய கயிற்றையெல்லாம் அறுத்து, மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படத்தைத் தின்று, பின் அவருடைய வைக்கோற் றொப்பியையும் தின்றது. அடுத்த தீவான அசென்ஷனில் அதனை இறக்கிவிட்ட பின்புதான் அவருக்கு அமைதி கிடைத்தது. படமின்றியே மேற்கிந்தியத் தீவுகளுக்குள் நுழைய நேர்ந்தது.

1895 ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் சேர்ந்த ஜிபிரால்டர் துறை வேறுவகைப்பட்டது. பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மலைபோல் நிற்கும் இடம். அவற்றின் நடுவே கடற்படையினர் ஸ்பிரேயை இழுத்துச் சென்று பாதுகாப்பாகக் கட்டிவைத்தனர். காலைதோறும் பாலும், கிழமையில் இருமுறை மரக்கறியும் கடற்படைத் தளபதியின் தோட்டத்திலிருந்து வந்தன. தனியே வந்த மாலுமிக்கு விருந்துகளும் உலாக்களும் ஓயவில்லை. மூன்று கிழமை இவ்வாறு கழிந்தது. இதனை வெறும் உபசாரம் என்று தள்ளிவிடல் ஆகாது. ஸ்லோக்கம் அங்கிருந்து சுயெஸ் வழியே கிழக்கு நோக்கிச் செல்லவே எண்ணி வந்தவர். அக்கடல்களின் கரைகளிற் கொள்ளையர் உண்டு, தனிப்படகு பிழைக்காது என்று எச்சரித்தவர்கள் அத்துறையிற் பழகிய கடற்படையினரே. அவர் வழியை முற்றாக மாற்றி, அத்திலாந்திக் கடலை மறுபடியும் கடந்து, மேற்கு நோக்கி உலகைச் சுற்றத் துணிந்தார். சுயெஸ் வழியே வந்திருப்பாராயின் நம் இலங்கைக் கரையையும் தொட்டிருப்பாரோ என்னும் எண்ணம் எழாமல் இல்லை. துறையிற் காத்திருந்த மூன்று கிழமை, பயணத்தின் திசையையே திருப்பிவிட்டது.

தென்னமெரிக்கக் கரையில் அவர் தங்கிய துறைகளிற் புவனஸ் அயர்ஸ் ஒன்று. அதற்கு முன்னர் உருகுவேக் கரையிற் படகு தரைதட்டியது. மொன்ரிவிடியோவிற் கப்பற் கம்பனியொன்றின் முகவர்கள் கூலி வாங்காமலே பழுதுபார்த்துக் கொடுத்தனர். கையில் இருபது பவுணும் கொடுத்தனர். இரும்புப் பீப்பா ஒன்றிலே துளையிட்டு, புகைக்குழாய் பொருத்தி, அடுப்பொன்றும் செய்து தந்தனர். பச்சை விறகையும் ஓயாது தின்னும் அடுப்பு அது என்று எழுதுகிறார் அவர். தெற்கே பனிக்காற்றுக்கு அஞ்சி நின்ற குடாக்களில் அதுவே அவருக்குத் துணை. புவனஸ் அயர்சிற் பாய்மரத்தை இறக்கி, ஏழடி குறைத்து, திரும்ப நட்டார். பழைய நண்பர்களைத் தேடி நகரை வலம்வந்தார். அங்கே முன்னொருகால் ஒரே கடையின் ஒரு பக்கத்தில் மதுவும் மறுபக்கத்திற் சவப்பெட்டியும் விற்ற மனிதனைப் பற்றி நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கின்றார்.

அவர் எழுதாத ஒன்றும் உண்டு. அந்நகரில் இருந்தது அவருடைய முதல் மனைவி வர்ஜினியாவின் கல்லறை. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் வாழ்ந்த வர்ஜினியாவை ஸ்லோக்கம் 1871இல் அங்கேயே மணந்தார். மணமான நாள்முதல் அப்பெண்மணி கணவரோடு கப்பலிலேயே குடியிருந்தார். பிள்ளைகளைக் கடலிலும் துறைகளிலும் பெற்று, அக்கப்பல்களிலேயே வளர்த்து, எழுத்தும் கற்பித்தார். கணவன் சரக்குத் தேடிக் கரையில் அலைய, மாதக்கணக்கில் நங்கூரமிட்ட கப்பலில் வீட்டை நடத்தியவர் அவரே. 1884 யூலை 25ஆம் நாள், புவனஸ் அயர்ஸ் துறையிலே, அக்குவிட்னெக் கப்பல் சரக்குக்காகக் காத்துக் கிடந்தபோது, அக்கப்பலிலேயே அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்துநான்கு. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அதே துறைக்குத் தனிமனிதராய் வந்த ஸ்லோக்கம், அதைப் பற்றித் தம் நூலில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாய்மரத்தைக் குறைத்த அளவு உண்டு, சவப்பெட்டிக்காரன் உண்டு, மனைவி இல்லை. அந்த மௌனத்தை அன்பின்மை என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாய்க்கப்பற் காலம் எத்தனையோ குடும்பங்களின் வீட்டைத் துறைகளில் வைத்திருந்தது. அவ்வீடுகள் கலைந்தபோது அதனை எழுதிவைக்கும் வழக்கம் கடலோடிகளிடம் இருந்ததில்லை.

மகெல்லன் நீரிணையிற் காத்திருப்பதும் ஓர் ஆபத்தாயிற்று. புந்தா அரேனசில் ஒரு கப்பற்றலைவர் ஒரு பை நிறையத் தரைவிரிப்பு ஆணிகளைக் கொடுத்து, இரவில் மேற்றளத்திற் கூர் மேலாக இருக்கப் பரப்பிவிட்டுத் தூங்கு என்றார். ஓர் இரவு வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலிற் குதித்தனர். ஸ்லோக்கம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகின்றார். ஆயின் அக்காலத்தில் அந்நிலத்து மக்களின் மேட்டு வெளிகளைச் செம்மறி மந்தைக்காரர் கைப்பற்றி, அம்மக்களை வேட்டையாடியும் விரட்டியும் வந்தனர் என்பதையும் நாம் சேர்த்து நினைத்தல் வேண்டும். அவருடைய நூல் அவர்களைப் பற்றிப் பேசும் முறை அக்காலத்து முறை. இன்று நாம் அதனை ஏற்பதற்கில்லை.

யுவான் பெர்னாண்டஸ் தீவில் அவர் தங்கியது பத்து நாளுக்கும் குறைவு. எனினும் இந்நூல் முழுவதிலும் நான் மீண்டும் மீண்டும் படிக்கும் பக்கங்கள் அவை. 1896 ஏப்பிரல் 26ஆம் நாள் படகு குடாவிற் புகுந்ததும் தீவினர் சிலர் ஏறி வந்தனர். கோப்பியும், கொழுப்பிற் பொரித்த இனிப்புப் பணியாரமும் கொடுத்தார் ஸ்லோக்கம். சுவைத்தவர்களுக்கு அதைச் செய்யும் முறையை அறிய ஆவல் பிறந்தது. முறையையும் கற்பித்து, கைவசமிருந்த கொழுப்பையும் அதிக விலை வையாது விற்றார். தீவினர் கொடுத்த காசு பழங்காசு. அக்குடாவில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து எடுத்தவையும் அவற்றுட் சில. பிற்காலத்திற் பழம்பொருள் சேர்ப்போரிடம் அவற்றை நல்ல விலைக்கு விற்றாராம். நாற்பத்தைந்து பேரே வாழ்ந்த அத்தீவில் காவற்காரனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை என்பதுதான் அவரை வருத்தியது. கடைசி நாளைச் சிறுவர்களோடு கழித்தார். அவர்கள் மலைச்சரிவில் ஏறி அவர் பயணத்திற்குப் பழம் பறித்துக் கொடுத்தனர்.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். 1896 ஒக்ரோபரிற் சிட்னியை அடைந்த ஸ்பிரே, அதன்பின் ஏழு மாதத்துக்கு அக்கண்டத்தின் தென்கிழக்குக் கரையையும் தஸ்மேனியாவையும் விட்டு விலகவில்லை. பருவக்காற்று ஒரு காரணம், பணம் மற்றொன்று. பத்திரிகைக்குப் பயணக்கடிதம் எழுதிப் பொருளீட்டலாம் என்று புறப்பட்டவர் அவர். அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. மெல்பேண் துறையில், வேறு துறைகளிற் பெரும்பாலும் கேளாத துறைவரி கேட்டனர். ஆறு சிலிங்கும் ஆறு பென்சும். ஸ்லோக்கம் பேசாமற் கட்டினார். உடனே, படகைப் பார்க்க விரும்புவோர் தலைக்கு ஆறு பென்சு தருக என்று அறிவித்தார். கூட்டம் குறைந்தபோது பன்னிரண்டரை அடி நீளமுள்ள சுறாவொன்றைப் பிடித்தார். வயிற்றைப் பிளந்தால் இருபத்தாறு குட்டிகள்! அவற்றைக் கடல்நீர் நிறைத்த வள்ளத்தில் உயிரோடு விட்டு, நீரை மாற்றி மாற்றிக் காத்து, காட்சிக்கு வைத்தார். அதற்கும் ஆறு பென்சு. சுறாக்களைப் பற்றி எல்லாம் அறிந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனை விளக்கம் சொல்ல நிறுத்திவிட்டு, வந்த பணத்தை வங்கியில் இட்டுத் திரும்பினால், அவன் கூட்டத்தின் நடுவே நின்று சுறாவுக்கு இல்லாத குணங்களையெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

உலகறிந்த மாலுமி வித்தை காட்டிப் பிழைத்தாரே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவ்விழிவு எனக்குத் தோன்றவில்லை. நீராவிக் கம்பனிகள் கைவிட்ட ஒரு கிழட்டுத் தொழிலாளி, எவர் தயவையும் நாடாமல், தன் கைக்கலத்தாலேயே தன் வயிற்றைக் கழுவினார். வருவாய் உண்டா என்று கேட்ட ஊராருக்கு அவர் அளித்த மறுமொழியின் ஒரு பகுதி மெல்பேண் துறையில் ஆறாறு பென்சாகச் சேர்ந்தது.

தஸ்மேனியாவில் லோன்செஸ்ரன் என்னும் ஊரிற் கிடைத்த தங்கல் இன்னும் விந்தையானது. புயற்காற்று ஆற்றுநீரைப் பெருக்கிய நாளில் ஸ்பிரே அங்குப் போய்ச் சேர்ந்தது. கரையோரச் சிறுதுறையிற் கட்டினார். மறுநாள் நீர் வடிந்தது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பின்பு எந்த வற்றுப்பெருக்கிலும் கால் நனையும் அளவு நீர்கூட அதனைச் சுற்றி வரவில்லை. புறப்படும் நாள் வந்தபோது ஏராக்கட்டையின் கீழ் மண்ணைத் தோண்டியே மிதக்கவிட நேர்ந்தது. ஆனால் ஸ்லோக்கம் கலங்கவில்லை. காவல் தேவையில்லாத இடம் இதைவிட எங்கே உண்டு? மூன்று சிறுவரிடம் படகை ஒப்படைத்துவிட்டு, மலைப்பக்கமாகச் சுற்றித் திரிந்து உடம்பைத் தேற்றிக்கொண்டார்.

குழந்தைகளோடு அவருக்கு வாய்த்த உறவு துறைதோறும் தொடர்ந்தது. 1897 யூலை 17ஆம் நாள் இந்துமாகடலின் கொக்கோஸ் தீவுகளை அடைந்தார். அதற்கு முந்திய இருபத்துமூன்று நாளில் 2,700 மைல் ஓடியபோது, சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கும் குறைவு. படகு தானே தன்வழி பார்த்துக்கொண்டது. கொக்கோசில் ஐந்து கிழமை தங்கி, படகைக் கரையேற்றி, அடிப்பாரமாக இருந்த சீமெந்துக் கட்டிகளிற் சிலவற்றை எறிந்து, அத்தீவின் பெருஞ்சிப்பிகளை ஏற்றினார். அத்தீவுச் சிறுவர், தனியே வந்த இம்மனிதரைக் கண்கொட்டாமற் பார்த்தனர். கறுத்த பழப்பாகைப் பாணிற் பூசி அவர் உண்டபோது, தலைவர் தாரைத் தின்னுகிறார் என்று கூவினராம். படகைக் கரையிலிருந்து நீருக்கு இழுக்கையில் அது அசையாது நின்றதும், கீழே ஒரு பெருநண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினர்.

மொரீசியஸ் தீவிற் காத்திருந்தது பருவத்திற்காக. செப்டெம்பர் 19ஆம் நாள் சேர்ந்தவர் ஒக்ரோபர் 26ஆம் நாள் வரை அசையவில்லை. நன்னம்பிக்கை முனைக்கடலிற் குளிர்காலப் புயல் அடங்காமற் சிறுகலம் அங்குச் செல்வது அறிவன்று. அவசரப்படாமையே அவருடைய கலையின் பாதி. காத்திருந்த நாள்களை வீணாக்காமல், போட் லூயி நகர நாடக அரங்கில் தம் பயணத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மேடைப்பேச்சு அவருக்கு வருவாய்க்கு மற்றொரு வழியாயிற்று. தென்னாபிரிக்காவிற் கேப் ரவுண் துறையிலே ஏறத்தாழ மூன்று மாதம் ஸ்பிரேயைக் கட்டி வைத்துவிட்டு, இலவசப் புகைவண்டிச் சீட்டோடு உள்நாட்டைச் சுற்றினார். பிரிட்டோரியாவிற் குடியரசுத் தலைவர் குரூகரைக் கண்டார். பூமி தட்டை என்று நம்பிய முதியவர் அவர். இவர் உலகைச் சுற்றி வருகிறார் என்று உடன்சென்றவர் சொன்னதும், சுற்றி என்று சொல்லாதே, அது நடவாது; உலகத்தினுள் என்று சொல் எனத் திருத்தினார். ஸ்லோக்கத்துக்கு அது மிகப் பிடித்துப்போயிற்று.

கடலில் தனிமை தாங்காமல், இல்லாத மாலுமிகளுக்கு உரக்கக் கட்டளையிட்டும், ஆமைகளும் மீன்களும் கேட்கப் பாடியும் வந்த மனிதர், துறைகளில் இவ்வாறு பேச்சாளராயும் விருந்தினராயும் கடைக்காரராயும் மாறினார். இவ்விரு மனிதரும் ஒருவரே என்பதை மறந்து, அவருடைய கடல்நாள்களை மட்டும் போற்றுவோர் பலர்.

1898 யூன் 27ஆம் நாள் பின்னிரவில் நியூபோட் துறையில் நங்கூரம் இறங்கியதோடு பயணம் முடிந்ததாகப் பதிவேடுகள் கூறும். ஸ்லோக்கத்தின் கணக்கில் அது முடியவில்லை. யூலை 3ஆம் நாள் மீண்டும் பாயெடுத்து, ஸ்பிரே பிறந்த பெயர்ஹேவன் ஊருக்கு ஆற்றின்வழி ஏறினார். படகை முதன்முதல் நீரில் இறக்கிய நாளில், அதனைக் கட்டுவதற்கென்று கரையில் அறைந்த செடார் முளை அங்கேயே நின்றது. அந்த முளையிலேயே கயிற்றை மாட்டி முடிச்சிட்டார். வீட்டுக்கு இதைவிடக் கிட்டக் கொண்டுவர இயலாது என்று எழுதி, நூலின் பயணப் பகுதியை அங்கே நிறுத்திக்கொண்டார்.